பொன்செல்வியைக் கூப்பிடு

கையுறையை மாட்டி முடித்த பிறகுதான் கூப்பிடுவார்கள். அதுவரை சுவரோரமாகச் சும்மா நின்றுகொண்டிருப்பாள் பொன்செல்வி. அப்போது யாருக்கும் அவள் வேண்டாம். தன் முறை வந்து, முழங்கைவரை கழுவி, கவுன் போட்டு, கட்டிலருகே போய் நின்றதும் திரைக்கு அந்தப் பக்கமிருந்து குரல் வரும்.

“பொன்செல்வி, ஒந்நு வந்நே. இவிடெ ஒரு தமிழ்.”

ஒரு தமிழ் என்றால் தமிழ் பேசுகிற ஒரு பெண் வலியோடு கிடக்கிறாள் என்று அர்த்தம். பொன்செல்வி கையுறையைக் கழற்றிவிட்டுப் போவாள். திரும்பி வரும்போது அவளுடைய கட்டிலருகே வேறொருத்தி நின்று, வழுக்கிக்கொண்டு வருகிற குழந்தையைக் கையில் ஏந்திக்கொண்டிருப்பாள்.

அது இரண்டாயிரத்து மூன்றாம் ஆண்டு. திருவனந்தபுரத்தில் பிஎஸ்சி நர்சிங் கடைசி வருடம் படித்துக்கொண்டிருந்தாள். இருபது பிரசவமாவது தன் கையால் பார்த்திருக்க வேண்டும் என்பது விதி. பக்கத்தில் நின்று பார்த்ததெல்லாம் கணக்கில் வராது. தலையைத் தாங்கி எடுத்து, தொப்புள்கொடியைக் கத்தரித்து, நஞ்சுக்கொடி விழும்வரை நின்றவளுக்குத்தான் லேபர் ரூம் சிஸ்டர் கையெழுத்துப் போடுவார். கையெழுத்து முழுசாக இல்லாதவள் பல்கலைக்கழகப் பரீட்சைக்கு உட்கார முடியாது.

விதி எழுதியவர்கள் லேபர் ரூமை வந்து பார்த்ததில்லை போலிருக்கிறது. அந்த வருடங்களில் ஊரைச் சுற்றி நர்சிங் கல்லூரிகள் கூடிக்கொண்டே போயின. கல்லூரிகள் கூடின அளவுக்குப் பிரசவங்கள் கூடவில்லை. கேரளத்தில் வீட்டுக்கு ஒரு பிள்ளை, மிஞ்சினால் இரண்டு. அந்த ஒன்றிரண்டையும் பிடிக்க வெள்ளைச் சீருடை, வெளிர்நீலச் சீருடை, இளஞ்சிவப்புக் கட்டம் போட்ட சீருடை என்று மூன்று கல்லூரிப் பெண்கள் ஒரே அரசு ஆஸ்பத்திரிக்கு வந்தார்கள். இடுப்பைப் பிடித்துக்கொண்டு ஒருத்தி ஆட்டோவிலிருந்து இறங்கினால் போதும், நாலு பேர் ஓடுவார்கள். யார் முதலில் ரத்த அழுத்தம் பார்த்தாளோ அவளுக்கு அந்தக் கேஸ். இது எழுதாத விதி. எழுதாத விதியைத்தான் எல்லோரும் கடைப்பிடித்தார்கள், பொன்செல்வி விஷயத்தில் தவிர.

அவள் பிறந்து வளர்ந்ததெல்லாம் இந்த ஊர்தான். அப்பா லிங்கம் சாலை என்கிற கடைத்தெருவில் ஒரு அரிசி மொத்தக்கடையில் லாரிச் சரக்கு இறக்குவதை மேற்பார்த்துக்கொண்டிருந்தார். பள்ளிக்கூடம் முழுக்க மலையாளம். தமிழ் என்பது வீட்டில் பேசுகிற வள்ளியூர்த் தமிழ் மட்டும்தான். பஸ்ஸில் எழுதியிருக்கும் தமிழைக்கூட அவள் எழுத்துக்கூட்டித்தான் வாசிப்பாள். வள்ளியூருக்குக் கோயில் கொடைக்குப் போனால் சொந்தக்காரர்கள் அவளை மலையாளத்தா என்பார்கள். இங்கே, கல்லூரியில், முதுகுக்குப் பின்னால் பாண்டி. ஆனால் லேபர் ரூமில் அவள்தான் ஒரே தமிழ்ப் பண்டிதர்.

இதில் பாதி நேரம் அவள் தேவையே இல்லை என்பதுதான் அவளுக்கு எரிச்சலாக இருந்தது. ஒரு நாள் அவசரமாகக் கூப்பிட்டார்கள். ஓடிப்போனால், சங்கரன்கோயில் பக்கத்துப் பெண்ணிடம் ஒரு மாணவி “வெள்ளம் போயோ, வெள்ளம் போயோ” என்று கத்திக்கொண்டிருந்தாள். அந்தப் பெண், எங்க ஊர்ல மழையே இல்ல, வெள்ளம் எங்க இருந்து வரும் என்று அழுதுகொண்டே சொன்னாள். பனிக்குடம் உடைந்து தண்ணீர் போனதா என்று கேட்க வேண்டும், அவ்வளவுதான். சரி, அது நியாயம் என்றே வைத்துக்கொள்ளலாம். ஆனால் அடிக்கடி கூப்பிட்டது ‘முக்கு’ என்று சொல்வதற்காக. முக்குவதற்கு மலையாளத்திலும் முக்கு, தமிழிலும் முக்கு. தலையில் அடித்துக்கொள்ளலாம் போலிருந்தது. கை கழுவியிருந்ததால் அதையும் செய்ய முடியவில்லை.

வீட்டிலும் நிம்மதி இல்லை. லிங்கம் கடைக்கு வருகிறவர்களிடமெல்லாம் தன் மகள் பெரியாஸ்பத்திரியில் இருக்கிறாள் என்று சொல்லி வைத்திருந்தார். களியக்காவிளையிலிருந்தும் நாகர்கோவிலிலிருந்தும் ஆட்கள் சீட்டோடு வந்து வாசலில் நின்றார்கள். ஒரு நாள் அவள் பொறுக்காமல், நான் இன்னும் நர்ஸ் ஆகல, படிக்கத்தான் செய்யுதேன் என்று கத்தினாள்.

“நம்ம ஊர்க்காரவ,” என்றார் லிங்கம். “ஒரு எட்டு போயி அவியளுக்கு என்ன ஏதுன்னு கேட்டுட்டு வா. வாயில இருந்து முத்தா உதிர்ந்துரும்?”

லேபர் ரூம் போஸ்டிங் முடிய மூன்று வாரம் இருக்கும்போது டியூட்டர் சுசீலாபாய் அவளைத் தன் அறைக்குக் கூப்பிட்டார். ஐம்பதை நெருங்கிய, புடவை மடிப்புக் கலையாத பெண்மணி. வகுப்பிலேயே பொன்செல்விக்குத்தான் பிரசவக் கணக்கு குறைவு என்றும், மற்றவர்கள் எப்போதோ முடித்துவிட்டார்கள் என்றும், அவளுக்கு அக்கறை போதாது என்றும் மலையாளத்தில் சொன்னார். பொன்செல்வி எத்தனை தடவை கையுறையைக் கழற்றினாள், யார் யார் அவள் கட்டிலைப் பிடித்துக்கொண்டார்கள், எல்லாவற்றையும் ஒரே மூச்சில் கொட்டினாள். வெளிர்நீலச் சீருடை அஜிதா மட்டும் இரண்டு தடவை.

சுசீலாபாய் எழுந்து போய்க் கதவைச் சாத்தினார். திரும்பி வந்து உட்கார்ந்து தமிழில் பேச ஆரம்பித்தார்.

“எனக்கு ஊரு மார்த்தாண்டம். நான் படிச்சப்பமும் இதே கததான். ஒரு வருசத்துல எனக்கு வெளங்கிப்போச்சு. அதுக்குப் பெறவு ஆஸ்பத்திரிக்குள்ள தமிழ்ல வாயத் திறந்ததே இல்ல. இங்க ஒருத்தருக்கும் தெரியாது. நீயும் சொல்லண்டாம்.”

இருபத்தைந்து வருடமாக, எத்தனையோ பெண்கள் இவர் பக்கத்தில் கிடந்து தமிழில் அலறியிருப்பார்கள். இவர் காது கேளாதவர் மாதிரி நின்றிருப்பார். அதைவிட, தான் கையுறையைக் கழற்றிக்கொண்டு ஓடிய எத்தனை தடவை இவர் அங்கேயே நின்றிருந்தார் என்று நினைத்தபோது பொன்செல்விக்குக் காதெல்லாம் சுட்டது. ஆனால் எதிரில் இருந்தது டியூட்டர். சரி மேடம் என்று சொல்லிவிட்டு வெளியே வந்தாள்.

அவர் சொன்னதைத்தான் செய்தும் பார்த்தாள். மறுநாளிலிருந்து, கூப்பிட்டால் கேட்காதவள் மாதிரி நின்றாள். மருந்து எடுத்துவரப் போனாள். கழிப்பறைக்குப் போனாள். அந்த வாரம் அவளுக்கு இரண்டு கையெழுத்துக் கிடைத்தது. இரண்டு தடவையும் திரைக்கு அந்தப் பக்கம் யாரோ தமிழில் அம்மாவைக் கூப்பிட்டு அழுதார்கள். கையெழுத்து வாங்கியும் சாப்பாடு இறங்கவில்லை.

அந்த வாரத்தின் கடைசியில்தான் முத்தாரம்மாள் வந்தாள். கழக்கூட்டத்தில் புதிதாக எழும்பும் கட்டிடங்களில் சாந்து சுமக்கிறவள். புருஷனும் அங்கேதான் வேலை. வலி எடுத்தபிறகும் மத்தியானம்வரை வேலை பார்த்திருக்கிறாள். காதோரத்தில் சிமென்ட் காய்ந்துபோயிருந்தது. அஜிதாதான் முதலில் ரத்த அழுத்தம் பார்த்தாள்; ஆகவே அஜிதாவின் கேஸ். கேட்டதற்கெல்லாம் முத்தாரம்மாள் பதில் சொல்லாமல் கட்டில் கம்பியைப் பிடித்துக்கொண்டு கண்ணை மூடிக் கிடந்தாள். கொஞ்ச நேரத்தில் அஜிதா பொன்செல்வியைத் தேடி வந்தாள். இவளுக்கு ஒரு வார்த்தையும் புரியவில்லை, நீ வந்து சொல்லு என்றாள்.

பொன்செல்விக்குள் எத்தனையோ நாளாகப் புகைந்துகொண்டிருந்தது அப்போது பற்றிக்கொண்டது. வருகிறேன், ஆனால் கேஸ் எனக்கு என்றாள். அஜிதா திகைத்தாள். நான்தானே அட்மிஷனிலிருந்து கூட இருக்கிறேன் என்றாள். அப்படியானால் நீயே பேசிக்கொள் என்றாள் பொன்செல்வி. அஜிதாவுக்குக் கோபம் வந்தது. உங்கள் ஆள்தானே, மனிதத்தன்மை இல்லையா என்றாள். என் கேஸை இரண்டு தடவை எடுத்தபோது உன் மனிதத்தன்மை எங்கே போனது என்றாள் இவள். எனக்கு இன்னும் ஒன்றுதான் பாக்கி, உனக்கு எத்தனை இருந்தால் எனக்கென்ன என்று அஜிதா. இப்படியே, கட்டிலுக்கு இந்தப் பக்கம் ஒருத்தியும் அந்தப் பக்கம் ஒருத்தியுமாக, மலையாளத்தில் நடந்தது சண்டை. நடுவில் முத்தாரம்மாளின் வயிறு இறுகி இறுகித் தளர்ந்துகொண்டிருந்தது.

ஒரு வலி அடங்கின இடைவெளியில் முத்தாரம்மாள் கண்ணைத் திறந்தாள்.

“நாலு வருசமா இந்த ஊர்லதான் சாந்து சொமக்கேன்,” என்றாள். “நீங்க பேசுதது பூராம் எனக்கு வெளங்குது. எனக்கு நீயும் வேண்டாம், அவளும் வேண்டாம். அந்தப் பெரிய சிஸ்டர வரச் சொல்லுங்க.”

பிறகு அதையே மலையாளத்திலும் சொன்னாள், அஜிதாவுக்காக.

பெரிய சிஸ்டர் ராகேல் வந்தார். லேபர் ரூமை வருடக்கணக்காக ஆண்டுகொண்டிருந்தவர். வாயால் திட்டுவதைவிடக் கண்ணால் திட்டுவது அதிகம். இரண்டு பேரையும் ஒரு பார்வை பார்த்துவிட்டு, தானே கை கழுவிக்கொண்டு, தானே குழந்தையை எடுத்தார். பெண் குழந்தை. கையெழுத்து யாருக்கும் இல்லை. பிறகு வெளியே வராந்தாவில் இரண்டு பேரையும் நிறுத்தி வைத்து, பஸ்ஸில் துண்டு போட்டு இடம் பிடிக்கிற மாதிரி ஒரு பெண்ணுடைய வயிற்றின் மேல் இடம் பிடிக்கிறீர்களா என்று கேட்டார். இருவருக்கும் ஒரு வாரம் லேபர் ரூமுக்குள் வரத் தடை. அதோடு ஒரு புதுக் கட்டளையும் போட்டார்: இனிமேல் கை கழுவி நிற்கிற எந்த மாணவியையும் பேச்சுக்காக யாரும் கூப்பிடக் கூடாது.

அதைத்தான் பொன்செல்வி இத்தனை நாளாக விரும்பினாள். கிடைத்த விதம்தான் கேவலமாக இருந்தது.

தடைக் காலத்தில் அவளைப் பிரசவித்தவர்கள் இருக்கும் வார்டில் போட்டார்கள். நாலாம் நாள் வேறு வரிசைக்கு மாற்றினார்கள்; அங்கே முத்தாரம்மாள் கண்ணில் பட்டாள். தலையைத் திருப்பிக்கொண்டு தாண்டிப் போய்விடலாம் என்று பார்த்தாள் பொன்செல்வி. முடியவில்லை, முத்தாரம்மாள் கையை நீட்டி அவள் சீருடையைப் பிடித்துவிட்டாள். கட்டிலில் குழந்தை இல்லை.

“பிள்ளைய எங்கயோ கொண்டு போயிட்டாவ. ரெண்டு நாளாச்சு. மஞ்சளா இருக்குன்னாவ, வெளக்குல வைக்கணும்ன்னாவ. பாஷை எனக்கு வெளங்குது. அவிய சொல்லுததுதான் வெளங்கல. வெளக்குல வச்சா பிள்ள வெந்து போவாதா?”

இரண்டு நாளாக இந்தப் பெண் தன் பிள்ளையை யாரோ விளக்கில் வாட்டுகிறார்கள் என்று நினைத்துக்கொண்டு இங்கே கிடந்திருக்கிறாள். கேட்டால் திட்டுவார்களோ என்று கேட்கவும் இல்லை. வார்டில் இருந்த அத்தனை பேருக்கும் மஞ்சள் காமாலையைப் பற்றிப் பாடம் தெரியும். பொன்செல்வி அதில் நல்ல மதிப்பெண் வாங்கியவள். அவள் முத்தாரம்மாளைக் கைத்தாங்கலாக எழுப்பி, வராந்தாவின் கோடியில் இருந்த குழந்தைகள் அறைக்குக் கூட்டிப் போனாள். கண்ணாடிக்கு அப்பால், கண்ணுக்குத் துணி கட்டி, நீல வெளிச்சத்தின் கீழே கை காலை உதறிக்கொண்டு கிடந்தது குழந்தை. அந்த வெளிச்சம் சுடாது, அது உடம்பில் பட்டால் மஞ்சள் கரைந்து மூத்திரத்தோடும் மலத்தோடும் போய்விடும், கண் கூசாமல் இருக்கத்தான் துணி, பால் கொடுக்க நேரத்துக்கு நேரம் இங்கே வரலாம் என்று சொன்னாள். முத்தாரம்மாள் கண்ணாடியில் நெற்றியை வைத்துப் பிள்ளையைப் பார்த்தாள்.

பொன்செல்வி மன்னிப்புக் கேட்க வாயெடுத்தாள். முத்தாரம்மாள் அதற்கு இடம் கொடுக்கவில்லை. பால் கொடுக்க வரலாம்னு மொதல்லயே ஏன் ஒருத்தரும் சொல்லல என்று கேட்டாள்.

தடை முடிந்து லேபர் ரூமுக்குத் திரும்பின மூன்றாம் நாள், காலை பதினொரு மணி வாக்கில் அவளுக்கு ஒரு கேஸ் கிடைத்தது. விழிஞ்ஞத்திலிருந்து வந்த மீன்காரப் பெண், இரண்டாவது பிரசவம், வாட்டசாட்டமான உடம்பு, சிரித்த முகம். எல்லாம் சரியாகப் போய்க்கொண்டிருந்தது. தலை தெரிய ஆரம்பித்துவிட்டது. ராகேல் சிஸ்டர் வேறொரு கேஸுக்காக ஆபரேஷன் தியேட்டருக்குப் போயிருந்தார். பொன்செல்வி குனிந்து தலையைத் தாங்கத் தயாரானாள்.

திரைக்கு அந்தப் பக்கம் ரகளை தொடங்கியது. நாச்சியார் என்று ஒரு சின்னப் பெண், முதல் பிரசவம், தென்காசிப் பக்கத்திலிருந்து ஓட்டல் வேலைக்காரனைக் கட்டிக்கொண்டு வந்து நாலு மாதம்தான் ஆகிறது. அவளுக்கு மலையாளம் சுத்தமாகத் தெரியாது. கூட நின்றது அஜிதா. அஜிதா முக்கு, முக்கு என்று சொல்லச் சொல்ல அவள் காலை இறுக்கி மூடிக்கொண்டு, வீட்டுக்குப் போகணும், வீட்டுக்குப் போகணும் என்று கட்டிலிலிருந்து இறங்கப் பார்த்தாள். இரண்டு பேர் பிடித்து அமுக்கினார்கள். அவள் இன்னும் பலமாக அலறினாள். யாரும் பொன்செல்வியைக் கூப்பிடவில்லை. கட்டளை அப்படி.

பொன்செல்வியின் இரண்டு கையும் மாட்டிக்கொண்டிருந்தன. இந்த நேரத்தில் விட்டுவிட்டுப் போக முடியாது, போகவும் கூடாது. அவள் தலையைத் திருப்பாமலே திரையைப் பார்த்துக் கத்தினாள்.

“ஏ நாச்சியாரு! நான் பொன்செல்வி, வள்ளியூரு! எறங்காத, கீழ விழுந்துருவ. பிள்ள வந்துட்டு. மூச்ச உள்ள இழுத்துப் பிடி!”

அலறல் நின்றது. யாருக்கா அது என்று ஒரு மெல்லிய குரல் கேட்டது.

“ரெண்டு காலயும் நீயே பிடிச்சுக்க. தலையக் குனிஞ்சு நாடிய நெஞ்சோட வச்சுக்க. வலி வரும்போது சொல்லு.”

“வருதுக்கா.”

“முக்கு! விடாம முக்கு!”

நாச்சியார் முக்கினாள். விழிஞ்ஞத்துப் பெண்ணும் முக்கினாள். தலை முழுசாக வெளிவரும் அந்தக் கணத்தில் அவள் முக்கவே கூடாது. வாயைத் திறந்து மூச்சு விட்டுக்கொண்டிருக்க வேண்டும். பொன்செல்வி பதறிப்போய், சேச்சி முக்கண்டா, முக்கண்டா என்று மலையாளத்தில் கெஞ்சினாள். உடனே திரைக்கு அந்தப் பக்கம் நாச்சியார் நிறுத்திவிட்டாள்.

“நீ நிறுத்தாத! நீ முக்கு!”

“ஆரோட பறயுந்நது?” என்று விழிஞ்ஞத்துப் பெண் தலையைத் தூக்கிச் சீறினாள். “என்னோடோ, அவளோடோ?”

யாரோடு எதைச் சொன்னாள் என்று பொன்செல்விக்கே பிறகு சரியாக நினைவில்லை. அவள் கையில் ஒரு ஆண் குழந்தை வந்து விழுந்து வீறிட்டது. கொடியைக் கத்தரிக்கும்போது திரைக்கு அப்பால் இன்னொன்று அழுதது. அங்கே அஜிதா சிரிக்கிறாளா அழுகிறாளா என்று தெரியாத மாதிரி ஒரு சத்தம்.

ராகேல் சிஸ்டர் திரும்பி வந்து விழிஞ்ஞத்துப் பெண்ணைப் பரிசோதித்தார். கிழிந்திருந்தது, தையல் போட வேண்டும். முக்கக் கூடாத நேரத்தில் முக்கினதால் வந்த கிழிசல். சிஸ்டர் கேட்பதற்கு முன்பே பொன்செல்வி நடந்ததைச் சொல்லிவிட்டாள். ஒரே நேரத்தில் இரண்டு கட்டிலுக்கு வேலை பார்க்க நீ என்ன பெரிய டாக்டரா என்று சிஸ்டர் கேட்டார். கேட்டுவிட்டுத் தையல் போட ஆரம்பித்தார். விழிஞ்ஞத்துப் பெண்தான் பல்லைக் கடித்துக்கொண்டே, அந்தப் பக்கத்துக்காரிக்கு என்ன குழந்தை என்று விசாரித்தாள். பெண் என்றதும், பாவம், பெற்றவளே கொச்சுப் பெண், சின்னப் பிள்ளை, அவளைப் போய்ப் பாருங்கள் என்றாள். தையலின் வலியில் கண்ணீர் வழிந்துகொண்டிருந்த முகத்தோடு அதைச் சொன்னாள். பொன்செல்வியால் அவள் முகத்தை நேராகப் பார்க்க முடியவில்லை.

கையெழுத்து ஒன்று கிடைத்தது. நாச்சியாரின் பிரசவம் அஜிதாவின் கணக்கில் சேர்ந்தது. முறைப்படி அதுதான் சரி, குழந்தையை ஏந்தினது அவள் கை. அஜிதா வராந்தாவில் அவளைக் கண்டு நின்றாள். நாச்சியார் உன்னைக் கேட்கிறாள் என்று மட்டும் சொன்னாள். பொன்செல்வி போய்ப் பார்த்தாள். அந்தப் பெண் அவளை இதற்கு முன் கண்டதே இல்லை. குரலை வைத்துத்தான் அடையாளம் கண்டுகொண்டாள்.

போஸ்டிங் முடிந்தபோது இன்னும் மூன்று குறைந்தது. சுசீலாபாய் கூப்பிட்டு, ஓண விடுமுறையில் வந்து முடித்துக்கொள்ளும்படி சொன்னார், மலையாளத்தில். சொன்ன பிறகு கதவுப் பக்கம் ஒரு தடவை பார்த்தார். பொன்செல்வி அவரிடம் தமிழிலேயே, சரி மேடம், வாரேன் என்று சொன்னாள். கதவு திறந்துதான் இருந்தது. சுசீலாபாயின் முகம் சிவந்தது. வேறொன்றும் நடக்கவில்லை.

ஓணத்துக்கு மூன்று கல்லூரிப் பெண்களும் ஊருக்குப் போய்விட்டார்கள். பிள்ளைகள் ஓணம் என்று பார்த்துப் பிறக்காமல் இருக்குமா? சுவரோரம் நிற்க வேண்டிய வேலையே இல்லை. ஒரு கட்டிலிலிருந்து இன்னொரு கட்டிலுக்கு ஓடினாள். முதல் நாளே மூன்றும் முடிந்துவிட்டது. ஆனால் ஆள் இல்லை, நாளையும் வா என்றார் ராகேல் சிஸ்டர். வந்தாள். இதற்கெல்லாம் கையெழுத்து தேவையில்லை என்பதால் யாரும் போடவும் இல்லை. திருவோணத்துக்கு முந்தின உத்திராட நாள் சாயங்காலம் கிளம்பும்போது முதுகு விட்டுப்போயிருந்தது. அவள் ஏறிய கிழக்கேகோட்டை பஸ் பாளையம் சந்திப்பில் அசையாமல் நின்றது. தெரு முழுக்க அலங்கார விளக்கும் ஜனமும். முன்னால் எத்தனை வண்டி என்று தெரியவில்லை. கண்டக்டரிடம் எப்போது போகும் என்று கேட்டாள். எனக்கெப்படித் தெரியும் என்றான் அவன். பொன்செல்வி பஸ்ஸைவிட்டு இறங்கி, கூட்டத்தைத் தோளால் விலக்கிக்கொண்டு, வீட்டைப் பார்த்து நடக்க ஆரம்பித்தாள்.